பட்டறையில் விறகு ஸ்டவ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலத்துக்கு முன் மரவேலைப் பட்டறையில் விறகு ஸ்டவ் பொருத்த நினைக்கும் வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை கனடாவிலிருந்து வந்தவை. ஆகவே வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் கனடாவின் சி.எஸ்.ஏ. பி365 நிறுவல் விதியை ஒட்டியவை. ஸ்டவ்வோடு வரும் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 20க்கு 24 அடியில் மரச்சட்டகத்தில் பட்டறை கட்டியிருக்கிறேன். உள்சுவர் முழுக்க ஜிப்சம் போர்டு. "ஜிப்சம் எரியாது, ஸ்டவ்வைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் போதும்" என்கிறார் நண்பர். சரியா? (வாசகர், சட்பரி)

பதில்: சரியில்லை. ஜிப்சம் போர்டு எரியாதுதான். ஆனால் அரை அங்குலத்துக்குப் பின்னால் மரச்சட்டம் நிற்கிறது. போர்டு சூட்டை வாங்கி அப்படியே அந்த மரத்துக்குக் கடத்திவிடும். அதனால் ஜிப்சம் அடித்த மரச்சுவரையும் எரியக்கூடிய சுவராகவே விதி கணக்கில் கொள்கிறது.

புதிய மரம் தீப்பிடிக்க ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் 100 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே இருக்கும் மரம் உள்ளுக்குள் மெல்லக் கரிந்துபோகும். பிறகு அது முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். "நாலு குளிர்காலமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்பதை நம்பக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். நாலு வருடம் ஒன்றும் ஆகாத சுவர் ஐந்தாம் வருடம் கூடுதல் ஆபத்தில் இருக்கிறது.

முதலில் ஸ்டவ்வின் பின்புறம் உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சோதித்துச் சான்று பெற்ற ஸ்டவ் என்றால் பின்சுவர், பக்கச்சுவர், மூலை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று அதில் பொறித்திருக்கும். தகடு இல்லாத பழைய ஸ்டவ் என்றால் பின்னும் பக்கங்களிலும் 1,200 மி.மீ., அதாவது நான்கு அடி. சின்னப் பட்டறையில் இது பெரிய இடம். ஆகவே சுவருக்குத் தடுப்பு போட்டு இந்தத் தூரத்தைக் குறைக்கலாம்.

தடுப்பு வேலை செய்வதற்குக் காரணம் தகடு அல்ல, அதன் பின்னால் ஓடும் காற்று. 29 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து குறைந்தது 21 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். ஓர் அங்குலமாகவே வைத்துக்கொள்வது நல்லது. அடியில் தரையிலிருந்து 25 முதல் 75 மி.மீ. வரை திறப்பு இருக்க வேண்டும், மேலே கூரைக்கும் தகட்டுக்கும் நடுவில் 75 மி.மீ. விட வேண்டும். கீழே நுழையும் குளிர்ந்த காற்று சூடாகி மேலே வெளியேறும்போது சுவருக்குச் சேர வேண்டிய சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும். தடுப்பு ஸ்டவ்வின் இரு பக்கமும் 450 மி.மீ., உச்சிக்கு மேல் 500 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். தாங்கு துண்டுகள் உலோகக் குழாய்த் துண்டாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும், மரக்கட்டை கூடாது. ஸ்டவ்வுக்கு நேர் பின்னாலும் அவை வரக்கூடாது. அந்த இடத்தில் திருகாணி வழியே சூடு நேராகச் சட்டத்துக்குள் இறங்கும்.

இப்படிச் செய்தால் 1,200 மி.மீ. தூரம் 400 ஆகக் குறையும். செங்கல்லையும் இதே காற்றிடைவெளி விட்டுக் கட்டினால் பாதியாக, 600 ஆகக் குறையும். அதே செங்கல்லைச் சுவரோடு ஒட்டிக் கட்டினாலோ, சிமெண்ட் போர்டைச் சட்டத்திலேயே அடித்து அதன்மேல் கல் பதித்தாலோ ஒரு மி.மீ. கூடக் குறைக்க முடியாது. பார்க்க அழகாக இருக்கும், பாதுகாப்பு இருக்காது. பட்டறைகளில் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

கேள்வி: பட்டறையின் தளம் பலகை. அதன்மேல் டைல்ஸ் ஒட்டி ஸ்டவ்வை வைக்கலாமா? (வாசகர், ஆட்டவா)

பதில்: ஸ்டவ்வின் அடிப்பாகம் எவ்வளவு சூடாகும் என்பதைப் பொறுத்தது. கையேட்டில் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். தணலிலிருந்து மட்டும் பாதுகாப்புப் போதும் என்றால், கதவைத் திறக்கும்போது தெறித்து விழும் கங்கு தளத்தைத் தொடாமல் இருந்தாலே போதும். இடைவெளி இல்லாமல் காரை நிரப்பிய டைல்ஸ் அதற்குச் சரி. ஒட்டுப் பலகைமேல் நேராக ஒட்டாமல், நடுவில் சிமெண்ட் போர்டு வைத்து ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பலகை சுருங்கி விரியும்போது காரை வெடித்து, அந்த விரிசலில் கங்கு உட்கார்ந்துகொள்ளும்.

"ஆர் மதிப்பு (சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) இவ்வளவு வேண்டும்" என்று கையேடு கேட்டிருந்தால் கதை வேறு. அப்போது சூடே கீழே இறங்கக்கூடாது. டைல்ஸுக்கு ஆர் மதிப்பு ஏறக்குறைய இல்லை. அரை அங்குல சிமெண்ட் போர்டு தயாரிப்புக்குத் தகுந்தபடி 0.2 முதல் 0.4 வரை தரும். ஸ்டவ் 1.0 கேட்கிறது, உங்கள் போர்டு 0.25 தருகிறது என்றால் நான்கு அடுக்கு வேண்டும். வாங்கும் போர்டின் மதிப்பைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மேடை ஸ்டவ்வைத் தாண்டி, விறகு போடும் கதவுப் பக்கம் 450 மி.மீ., மற்றப் பக்கங்களில் 200 மி.மீ. நீள வேண்டும். பக்கவாட்டிலும் கதவு உள்ள ஸ்டவ் என்றால் அந்தப் பக்கமும் 450. மண்ணின்மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட் தளம் உள்ளவர்களுக்கு இந்த வேலையே இல்லை. கங்கு விழும் எல்லைக்குள் ரப்பர் விரிப்பு கிடந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பாகத் தார் போன்ற நீர் ஒழுகுகிறது. தீயைத் தடுக்கும் பசை தடவியும் நிற்கவில்லை. (வாசகர், பேரி)

பதில்: அது கிரியோசோட். அரைகுறையாக எரிந்த விறகின் ஆவி குளிர்ந்த குழாயில் படிந்து நீராக இறங்குகிறது. குழாயில் வாயுவின் சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே போனால் இது தொடங்கிவிடும். பசை தடவி நிறுத்த வேண்டிய விஷயம் இல்லை. நீர் ஏன் வெளியே வருகிறது, ஏன் உண்டாகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

வெளியே வருவதற்குக் காரணம் குழாயைத் தலைகீழாக மாட்டியதாகத்தான் இருக்கும். குழாயின் ஒரு முனை நெளிநெளியாகச் சுருக்கியிருக்கும். அந்த முனை ஸ்டவ்வை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். மேல் குழாயின் நெளிமுனை கீழ்க் குழாயின் வாய்க்குள் இறங்க வேண்டும். அப்போது ஒழுகுவது உட்பக்கமாகவே வழிந்து ஸ்டவ்வுக்குள் போய் எரிந்துவிடும். "அப்படி மாட்டினால் இடுக்கில் புகை வராதா?" என்று பலர் பயந்து மாற்றி மாட்டுகிறார்கள். இழுவை, அதாவது புகையை மேலே இழுக்கும் விசை, சரியாக இருக்கும் குழாயில் உள்ளே அழுத்தம் குறைவு. இடுக்கு வழியாக அறைக்காற்றுதான் உள்ளே போகும், புகை வெளியே வராது. ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று திருகாணி போடுங்கள். ஸ்டவ்வின் கழுத்திலும் போட மறக்க வேண்டாம்.

அடுத்து, உண்டாவதைக் குறையுங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய் மொத்தம் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் கூடாது. படுக்கையாகப் போகும் பகுதி மீட்டருக்கு 20 மி.மீ. வீதம் புகைபோக்கியை நோக்கி ஏறியபடி இருக்க வேண்டும். எரியக்கூடிய எதிலிருந்தும் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கு 450 மி.மீ. தூரம் தேவை. இரட்டைத் தகட்டுக் குழாய் வாங்கினால் உள்ளே சூடு நிற்கும், கிரியோசோட் குறையும், சுவருக்கான தூரமும் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். விலை கூடுதல்தான், ஆனால் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான்.

புகைபோக்கியைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய் வெளிச்சுவரை ஒட்டி ஏற்றியிருக்கிறீர்களா? பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் அது எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். ஸ்டவ்வுக்கு நேர் மேலே, உள்ளேயே ஏறி, கூரை முகட்டை ஒட்டி வெளியேறுவதுதான் நல்ல வழி. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 900 மி.மீ. உயரம் வேண்டும், 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 600 மி.மீ. உயர்ந்தும் இருக்க வேண்டும். ஸ்டவ்விலிருந்து உச்சி வரை 15 அடியாவது இருந்தால்தான் இழுவை நிலையாக இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: மெல்லிய கறுப்புப் புகைக்குழாய் கூரைத்தட்டு வழியாகவோ பரண் வழியாகவோ ஒருபோதும் போகக்கூடாது. அங்கே கனடாவின் யு.எல்.சி. எஸ்629 தர முத்திரையுள்ள, 650 டிகிரிக்குச் செய்த, உள்ளே வெப்பக்காப்பு அடைத்த புகைபோக்கிதான் வர வேண்டும். அதைச் சுற்றிலும் மரத்திலிருந்து 50 மி.மீ. காலியாக விடுங்கள். அந்த இடைவெளியில் பரணின் வெப்பக்காப்புப் பஞ்சு சரிந்து விழாதபடி உலோகக் கவசம் வேண்டும். பஞ்சு அடைந்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் சட்டம் கரியும்.

கேள்வி: தூள் உறிஞ்சியைப் போட்டதும் ஸ்டவ் கதவிடுக்கில் புகை வருகிறது. உறிஞ்சி வெளியே இருக்கிறது, காற்றையும் வெளியே விடுகிறது. (வாசகர், கேல்கரி)

பதில்: உடனே நிறுத்துங்கள். இந்தத் தொகுப்பில் உயிருக்கு நேரடி ஆபத்து உள்ள கேள்வி இதுதான்.

கணக்கைப் பாருங்கள். 20க்கு 24 அடி, 9 அடி உயரம் என்றால் பட்டறைக்குள் 4,320 கன அடி காற்று. உறிஞ்சி நிமிடத்துக்கு 1,000 கன அடி இழுத்து வெளியே தள்ளினால், நாலரை நிமிடத்துக்குள் அறையின் மொத்தக் காற்றளவு வெளியே போய்விடும். அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று வந்தே ஆக வேண்டும். நன்றாக அடைத்த பட்டறையில் அதற்கு இருக்கும் பெரிய வழி உங்கள் புகைபோக்கிதான். அதன் இழுவை சில பாஸ்கல்களிலிருந்து (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு) இருபது முப்பது பாஸ்கல் வரைதான் இருக்கும். மோட்டார் அதைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும். அப்போது புகை திசை திரும்பி அறைக்குள் வருகிறது.

தீ கொழுந்துவிட்டு எரியும்போது புகை கண்ணுக்குத் தெரியும், மூக்கு எரியும், எச்சரிக்கை கிடைக்கும். தணலாகத் தணிந்த நேரத்தில்தான் கூடுதல் ஆபத்து. இழுவை பலவீனமாக இருக்கும், புகை தெரியாது, ஆனால் தணல் கார்பன் மோனாக்சைடை நிறைய வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கதவு ஜன்னலை அடைத்து, தீயை மிதமாக எரிய விட்டு, ஸ்டவ்வின் காற்றுத் துளை அருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை துளைக்குள் இழுபட வேண்டும். இன்னொருவரை உறிஞ்சியைப் போடச் சொல்லுங்கள். புகை தயங்கி நின்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ உறிஞ்சியும் ஸ்டவ்வும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது.

ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தால் தீராது. 1,000 கன அடி காற்று 5 பாஸ்கலுக்கு மேல் அழுத்தம் குறையாமல் உள்ளே வர ஏறத்தாழ மூன்று சதுர அடித் திறப்பு வேண்டும். குளிரில் அதைத் திறந்து வைத்தால் ஸ்டவ் எதற்கு? வெளிக்காற்றை நேராக ஸ்டவ்வுக்குக் கொண்டுவரும் குழாயும் இவ்வளவு பெரிய இழுப்பை ஈடுகட்டாது. சரியான வழி, நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா தர வடிகட்டி வைத்து உறிஞ்சியின் காற்றைப் பட்டறைக்கே திருப்பி விடுவது. அது முடியாவிட்டால் அறுக்கும் நேரம் வேறு, தீ மூட்டும் நேரம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தணல் முழுவதும் அணையும் வரை உறிஞ்சியைத் தொட வேண்டாம்.

எப்படி இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். புகை அலாரம் மரத்தூளுக்கே கத்தும் என்பதால் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் வெப்ப அலாரம் மாட்டுங்கள்.

கேள்வி: பட்டறைக்குள் ஸ்டவ்வை எந்த இடத்தில் வைப்பது? வார்னிஷ் அடிப்பதும் அங்கேதான். (வாசகர், ஹாலிஃபாக்ஸ்)

பதில்: இழைப்பு எந்திரமும் ரம்பமும் தூள் வீசும் திசையில் வைக்காதீர்கள். ஸ்டவ்வின் தலையிலும் தடுப்புத் தகட்டின் பின்னாலும் படியும் தூள் கரிந்து, கனன்று, கங்காக உதிரும். தீ மூட்டும் முன் ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள், தடுப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து.

தின்னர், லாக்கர், பெட்ரோல் இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து வந்து ஸ்டவ்வின் காற்றுத் துளைக்குள் போகும். அடிக்கும் நாளில் தீ கூடாது. முன்தினம் அறையைச் சூடாக்கி, தணலை வெளியேற்றிவிட்டு அடியுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.

கார் நிறுத்தும் கராஜில் வைக்கலாமா என்று நால்வர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 211 விதி அதை அனுமதிப்பதில்லை. காரணம் மேலே சொன்ன அதே பெட்ரோல் ஆவிதான்.

கேள்வி: 45 காலன் எண்ணெய்ப் பீப்பாயில் கதவும் காலும் மாட்டி ஸ்டவ் செய்ய ஒரு தொகுப்பு விற்கிறார்கள். நல்லதா? (வாசகர், தண்டர் பே)

பதில்: எங்கள் கருத்தில் பட்டறைக்கு நல்லதில்லை. சான்றுத் தகடு இல்லாததால் நான்கு அடி தூரம் வேண்டும். தகடு மெல்லியது, அடியில் தீக்கல் (சூடு தாங்கும் செங்கல்) அடுக்காவிட்டால் சிவந்து ஓட்டை விழும். விறகைத் தேவைக்கு அதிகமாக விழுங்கி, காற்றை அடைத்ததும் கிரியோசோட்டைக் கக்கும். காப்பீட்டு நிறுவனமும் தலையசைக்காது.

கேள்வி: மிச்ச மரத்துண்டையும் மரத்தூளையும் எரிக்கலாமா? (வாசகர், வின்னிபெக்)

பதில்: சுத்தமான மரத்துண்டு என்றால் எரிக்கலாம், ஆனால் பெட்டி நிறைய அடைக்காதீர்கள். சூளையில் காய்ந்த சின்னத் துண்டுகள் ஒரே நேரத்தில் பற்றி ஸ்டவ்வைச் சிவக்க வைக்கும். இரண்டு பெரிய விறகுக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் சேருங்கள். மரத்தூளை வாரித் தீயில் வீசவே கூடாது. காற்றில் பரவிய தூள் ஒரே நொடியில் பற்றி முகத்துக்கு நேராக வெடிக்கும்.

எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), ஒட்டுப் பலகை, பெயின்ட் அடித்த மரம் கூடாது. பழைய வேலி, வீட்டு வெளித்தளம் (டெக்) இவற்றின் பச்சை நிற மரம் அறவே கூடாது. 2003 இறுதி வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு உபயோகத்துக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் பெரும்பகுதி குரோமியம், தாமிரம், ஆர்சனிக் ஏற்றியது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும்.

கேள்வி: தோட்டத்துப் பட்டறையில் 5 கிலோவாட் ஸ்டவ். கான்கிரீட் மேடை எத்தனை தடிமன்? (வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: மேடையை 100 டிகிரிக்கு மேல் சூடாக்காத ஸ்டவ் என்று கையேடு சொன்னால் 12 மி.மீ. தடிமனுள்ள எரியாத பலகை போதும். இல்லையென்றால் 125 மி.மீ. தடிமனில் திடமான மேடை, குறைந்தது 840க்கு 840 மி.மீ. அளவில். மூடிய ஸ்டவ்வுக்கு முன்னால் 225, பக்கங்களில் 150 மி.மீ. விடுங்கள். அலாரம் ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: உள்ளூர் வெல்டிங் கடையில் ஸ்டவ் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஜி.ஐ. குழாயை ஆஸ்பெஸ்டாஸ் கூரை வழியாக ஏற்றலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: இரண்டையும் மாற்றுங்கள். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். அதற்கு முன்பே உரியத் தொடங்கி, கடும் சூட்டில் நச்சுப்புகை விடும். 304 தர எவர்சில்வர் குழாய் வாங்குங்கள். கூரை மட்டத்தில் அதைச் சுற்றி இன்னொரு பெரிய குழாய் செருகி, நடுவே ராக்வூல் அடைத்து, வெளிக்குழாய் ரீப்பர் கட்டை எதையும் தொடாமல் 50 மி.மீ. விடச் சொல்லுங்கள். தேங்காய்நார், தெர்மாகோல் எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அந்த ஒரு ஷீட்டை முழுதாகக் கழற்றி, தகர ஷீட் போட்டு அதில் துளையிடுங்கள். ஸ்டவ் உடலுக்கு 5 மி.மீ. எம்.எஸ். பிளேட்டும் உள்ளே தீக்கல்லும் வேண்டும். சான்று இல்லாத ஸ்டவ் என்பதால் நான்கு அடி விதி உங்களுக்கும்தான்.

விறகு விஷயத்தில் உங்கள் ஊர் ஈரம்தான் எதிரி. கற்பூர மரத்தையும் சீகையையும் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். இரண்டு மழைக்காலமும் நனையாமல் கிடந்தால் அடுத்த குளிருக்கு ஆகும். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்பக்கத்தில் ஈரமானியை அழுத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் காய வேண்டும். ஸ்டவ் தயாராகும் வரை கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி வேலை செய்யாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடை அறையிலேயே நிரப்பும்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. முதல் தீக்கு முன்னும் பின்னும் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், கிங்ஸ்டன்)

பதில்: பொருத்துவதற்கு முன்பே நகராட்சியில் கட்டட அனுமதி வாங்கியிருக்க வேண்டும், ஒன்டாரியோவில் இது கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். பெரும்பாலும் வெட் (WETT, விறகு ஸ்டவ் வேலைக்கான கனடாவின் பயிற்சி அமைப்பு) சான்று பெற்ற ஆய்வாளரின் அறிக்கை கேட்பார்கள். தடுப்புக்குப் பின்னால் உள்ள இடைவெளி, பரணில் விட்ட 50 மி.மீ. எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், ஆய்வாளர் கேட்பார்.

முதல் இரண்டு மூன்று தீயைச் சின்னதாக மூட்டுங்கள். தீக்கல்லின் ஈரம் மெல்லப் போகட்டும், பெயின்ட் வேகட்டும். அந்தப் புகைக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு மணி நேரம் நன்றாக எரித்து, தடுப்புக்கு வெளியே உள்ள சுவரைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஏதோ தூரம் தப்பு. அளந்து திருத்தும் வரை மறுபடி மூட்டாதீர்கள்.

முதல் குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை குழாயைத் திறந்து பாருங்கள். படிவு 3 மி.மீ. ஆனதும் பிரஷ் போட வேண்டும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வாளியைக் கட்டடத்துக்கு வெளியே மண்ணிலோ கான்கிரீட்டிலோ வையுங்கள், மரப்படியில் வேண்டாம். சாம்பலுக்குள் கங்கு சில நாட்கள் உயிரோடு கிடக்கும்.

புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடித்தால் பெரும் இரைச்சல் கேட்கும், குழாய் அதிரும். கதவையும் காற்றுத் துளையையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், 1,000 டிகிரி சூட்டில் அது நீராவியாக வெடித்துக் குழாயைப் பிளக்கும். தீ தானாக அணைந்துவிட்டாலும் ஆய்வாளர் முழுதாகப் பார்த்துச் சரியென்று சொல்லும் வரை அந்த ஸ்டவ்வை மூட்டக்கூடாது.